எதன்மேல் உட்கார்ந்திருந்தது? காவிரி டெல்டாவில் வண்டுகளை அடையாளம் காண

படத்தை அனுப்பி "இது என்ன வண்டு?" என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, "எதன்மேல் உட்கார்ந்திருந்தது?" என்பதைத்தான். பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. வண்டு மட்டும் தெரிகிற மாதிரி நெருக்கிப் படம் எடுத்திருப்பார்கள். இலை இல்லை, கிளை இல்லை, தரைகூட இல்லை. உலகத்தில் இதுவரை பெயர் வைக்கப்பட்ட வண்டினங்கள் மட்டும் ஏறக்குறைய 4 லட்சம். அத்தனையிலிருந்து ஒன்றை நிறத்தை வைத்துப் பிடிப்பது நடக்காத காரியம். கத்தரி இலையின் அடியில் இருந்தது, ஐப்பசி மாதம், இலையில் பச்சையைச் சுரண்டித் தின்றிருந்தது என்று மூன்று சேதி சேர்ந்தால், 4 லட்சம் நாலைந்தாகச் சுருங்கிவிடும்.

டெல்டாவில் வளர்ந்தவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. குறுவை எப்போது, சம்பா எப்போது, தாளடி வயலில் உளுந்து எப்போது தெளிப்பார்கள், மேட்டூர் திறந்தால் கடைமடைக்குத் தண்ணீர் எப்போது வந்து சேரும் என்பதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வண்டுகளும் ஏறக்குறைய அதே கணக்கில்தான் நடமாடுகின்றன. லத்தீன் பெயரைப் பிறகு கற்றுக்கொள்ளலாம். எந்த மரத்தடியில் எந்த மாதம் போய் நிற்பது என்பதில் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

முதலில், அது வண்டுதானா?

பூவைச் சுற்றி ரீங்காரமிடும் கருத்த தச்சன் தேனீயையும் நாம் வண்டு என்றுதான் சொல்கிறோம். பேச்சுக்கு அது சரி. இங்கே பேசப்போவது முதுகில் ஓடு போட்ட வண்டுகளைப் பற்றி.

முதுகைப் பாருங்கள். வண்டின் முன்னிறக்கை இரண்டும் கெட்டிப்பட்டு ஓடாகியிருக்கும். மூடியிருக்கும்போது அவை முதுகின் நடுவில் ஒரே நேர்கோட்டில் வந்து சேரும். பறக்கும் இறக்கை அதற்குள்ளே மடிந்து கிடக்கும். இந்த நேர்கோடுதான் முதல் அடையாளம். குழல் வாயால் உறிஞ்சிக் குடிக்கும் நாவாய்ப்பூச்சிகளுக்கு இந்தக் கோடு கிடையாது. அவற்றின் இறக்கை ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே படிந்திருக்கும், தோள்பட்டைகளுக்கு நடுவே முக்கோணமாக ஒரு தகடு தெரியும். பருத்திச் செடியிலும் இலவ மரத்தடியிலும் கூட்டமாகத் திரியும் சிவப்புப் பூச்சி அப்படிப்பட்டது, வண்டு இல்லை. பச்சையும் நீலமுமாகப் பளபளக்கும் ஒருவகை நாவாய்ப்பூச்சி பொன்வண்டு போலவே இருக்கும். அதற்கு அந்த முக்கோணத் தகடே வளர்ந்து முதுகு முழுவதையும் மூடியிருப்பதால் நடுக்கோடே தெரியாது. சந்தேகம் வந்தால் வாயைப் பாருங்கள். வண்டுக்குக் கடித்து மெல்லும் தாடை. நாவாய்ப்பூச்சிக்கு மார்புக்கு அடியில் மடித்து வைத்த உறிஞ்சு குழல். மழைக்காலத்தில் தெருவிளக்குக்கு வந்து விழும் உள்ளங்கை அகலப் பழுப்புப் பூச்சி இதில் பலரை ஏமாற்றும். அது நீரில் வாழும் பெரிய நாவாய்ப்பூச்சி. கையில் எடுக்க வேண்டாம், குத்தினால் கடுமையாக வலிக்கும்.

மின்மினியும் வண்டுதான். ஓடு கொஞ்சம் மெத்தென்று இருக்கும், அவ்வளவே.

அரிசிப் பானையில் தொடங்குங்கள்

காட்டுக்குப் போகுமுன் வீட்டிலேயே கண்ணைப் பழக்கிக்கொள்ளலாம். பத்தாயமும் குதிரும் உள்ள வீடுகள் இப்போது குறைவு. பழைய அரிசி மூட்டை ஒன்று இருந்தால் போதும். 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். லென்ஸைக் கண்ணுக்கு ஒட்டிப் பிடித்துக்கொண்டு பூச்சியைத்தான் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். நிறையப் பேர் லென்ஸைப் பூச்சிமேல் வைத்துவிட்டுத் தலையைத் தூரத்தில் வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியவில்லை என்பார்கள்.

அரிசியை முறத்தில் பரப்பினால் 3 மி.மீ. அளவில் கரும்பழுப்பாக ஒன்று ஊரும். அதுதான் அரிசிக் கூன்வண்டு. லென்ஸில் பாருங்கள்: தலை முன்பக்கம் நீண்டு மூக்காகியிருக்கும், அந்த மூக்கின் பக்கவாட்டிலிருந்து மீசை (உணர்கொம்பு) புறப்பட்டு முழங்கை மாதிரி மடங்கும், நுனி தடித்திருக்கும். முதுகில் மங்கலாக நாலு செம்மஞ்சள் புள்ளி. இந்த மூக்கையும் மடங்கிய மீசையையும் மனத்தில் வாங்கிக்கொண்டால் தென்னையிலும் வாழையிலும் வரும் பெரிய கூன்வண்டுகளைப் பார்த்தவுடன் சொல்லிவிடலாம்.

ரவையிலும் மாவிலும் தட்டையாகச் செம்பழுப்பில் ஓடுவது மாவு வண்டு. அதற்கு மூக்கு கிடையாது. நெல்லில் உருளையாக ஒன்று இருக்கும், மேலிருந்து பார்த்தால் தலையே தெரியாது. கழுத்துத் தகடு முன்னால் வளைந்து தலையை மூடியிருக்கும் அந்த வண்டு நெல்லைத் துளைக்கிறது. பச்சைப்பயறு டப்பாவில் இருப்பது பயறு வண்டு: குட்டையான ஓடு, அது வயிற்றின் நுனியை முழுக்க மூடாது. பயற்றின்மேல் வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருப்பவை அதன் முட்டைகள். ஆக, சமையலறையை விட்டு வெளியே போகாமலே நாலு குடும்பம் பார்த்தாகிவிட்டது.

மீசை, பாதம், ஓடு

நிறம் கடைசியில் பார்க்க வேண்டியது. ஒரே இனத்தில் சிவப்பும் இருக்கும் கறுப்பும் இருக்கும். வாழைத்தண்டுக் கூன்வண்டே அப்படி, கறுப்பாகவும் வரும், செம்பழுப்பாகவும் வரும். மாறாதது மீசையின் அமைப்பு.

மீசை நுனி சின்னச் சின்னத் தகடுகளாகப் பிரிந்து விசிறியாக விரிந்தால் அது சாண வண்டு, காண்டாமிருக வண்டு, வேர்ப்புழு வண்டு எல்லாம் அடங்கிய பெரிய கூட்டம். உடம்பளவுக்கோ அதற்கு மேலோ மீசை நீண்டிருந்தால் மரம் துளைக்கும் நீள்கொம்பு வண்டு. நூல் மாதிரி ஒரே சீராக இருந்து, கால் நீளமாக, ஓட்டம் வேகமாக இருந்தால் தரைவண்டு. மீசை குட்டையாக, நுனி மட்டும் திரண்டு, உடம்பு அரைக்கோளமாக இருந்தால் பொறிவண்டு. மல்லாக்கப் போட்டதும் 'டிக்' என்று சொடுக்கித் துள்ளி எழுந்தால், மீசையைப் பார்க்கவே வேண்டாம், அந்தச் சத்தமே அடையாளம்.

அடுத்தது பாதம். காலின் நுனியில் உள்ள கணுக்களை எண்ணுவது. தொடக்கத்தில் சலிப்பாக இருக்கும், ஆனால் கறுப்பு வண்டுகளைப் பிரிக்க இதைவிட நல்ல வழி கிடையாது. தரைவண்டுக்கு ஆறு காலிலும் ஐந்தைந்து கணு. மாவு வண்டின் குடும்பத்துக்கும் கொப்புள வண்டுக்கும் முன் நாலு காலில் ஐந்து, பின் இரண்டு காலில் நாலு. இலை தின்னும் வண்டு, நீள்கொம்பு, கூன்வண்டு ஆகியவற்றுக்கு நாலு நாலாகத் தெரியும்; பொறிவண்டுக்கு மூன்று மூன்றாகத் தெரியும். "தெரியும்" என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இவற்றில் ஒரு குட்டிக் கணு மற்றதற்குள் ஒளிந்திருக்கும், லென்ஸில் பிடிபடாது. தெரிகிறதை எண்ணினால் போதும்.

எங்கே தேடுவது

வயலில் இறங்குமுன் வயல்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். "என்ன தம்பி, மருந்துக் கம்பெனியா?" என்று கேட்பார். "இல்லைங்க ஐயா, பூச்சி பார்க்க வந்தோம்" என்றால் சிரிப்பார், அப்புறம் அவரே நாலு இடம் காட்டுவார். மருந்து அடித்து எத்தனை நாளாகிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அடித்த வயலில் இறங்குவது உங்களுக்கும் நல்லதில்லை, அங்கே வண்டும் இருக்காது.

நடவு முடிந்த இளம் பயிரில் இலைநுனிப் பக்கம் வெள்ளை வெள்ளையாக நீளவாக்கில் கோடு விழுந்திருந்தால் குனிந்து பாருங்கள். 5 மி.மீ. அளவில் நீலங்கலந்த கறுப்பில், உடம்பெல்லாம் முள்ளாக ஒன்று ஒட்டியிருக்கும். நெல் முள்வண்டு. டெல்டாவில் இதோடு குழப்பிக்கொள்ள வேறு வண்டு இல்லை என்பதால், இனம் வரைக்கும் துணிந்து எழுதக்கூடிய முதல் வண்டாக இதை எடுத்துக்கொள்ளலாம். அதே வயலில் கதிர் பூக்கும்போது ஆரஞ்சு நிறத்தில் புள்ளியே இல்லாமல், நடுக்கோட்டில் மட்டும் கறுப்பு ஓடும் சின்னப் பொறிவண்டு வரும். பயிரின் சாற்றை உறிஞ்சும் அசுவினி, தத்துப்பூச்சிகளையும் தின்னும், நெல் மகரந்தத்தையும் தின்னும். தூருக்குள் கையை விட்டு விலக்கினால் ஒல்லியாக, எறும்பு மாதிரி இடுங்கிய கழுத்தோடு, செம்பழுப்பில் கருநீலப் பட்டை போட்ட தரைவண்டு ஒன்று சுருட்டிய இலைக்குள் புகுந்து போகும். இலைச்சுருட்டுப் புழுவைத் தேடித்தான் அது அங்கே நுழைகிறது.

வாழைத்தோட்டத்தில் தேடி அலைய வேண்டாம், வண்டே வரும். வெட்டிப்போட்ட வாழைத்தண்டை நீளவாக்கில் பிளந்து, வெட்டுவாய் மண்ணைப் பார்க்கும்படி சாயங்காலம் தரையில் கவிழ்த்து வைத்துவிட்டு வாருங்கள். காலையில் புரட்டினால் கூன்வண்டு அடியில் ஒண்டியிருக்கும். பெரியது, நீண்ட மூக்கோடு இருப்பது தண்டுக் கூன்வண்டு. சிறியது, மங்கிய கறுப்பாகத் தொட்டவுடன் செத்தது போலக் கிடப்பது பெரும்பாலும் கிழங்குக் கூன்வண்டு. மரத்தில் ஓட்டை விழுந்து பிசின் வழிந்திருந்தால் அதையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தென்னையில் இரண்டு பேர் முக்கியம். இரண்டையும் வண்டு கண்ணில் படாமலே அடையாளம் காணலாம். விரிந்த மட்டையில் கத்தரியால் முக்கோணமாக வெட்டிவிட்ட மாதிரி இருந்தால் அது காண்டாமிருக வண்டு. விரியாத குருத்தைத் துளைத்ததன் விளைவு, குருத்து விரிந்த பிறகு வடிவமாகத் தெரிகிறது. மரத்தில் துளையிலிருந்து பழுப்பாகச் சாறு வழிந்து, மென்ற நார் வெளியே தள்ளியிருந்தால் சிவப்புக் கூன்வண்டு. அது காயம்பட்ட மரத்தைத்தான் தேடிவரும், காண்டாமிருக வண்டு போட்ட ஓட்டையும் அதற்கு ஒரு வாசல். காண்டாமிருக வண்டு கையில் கிடைத்தால் ஆணா பெண்ணா பாருங்கள்: கொம்பு பெண்ணுக்கும் உண்டு, ஆனால் குட்டை, பெண்ணின் வயிற்று நுனியில் செம்பழுப்பு முடி அடர்ந்திருக்கும். சிவப்புக் கூன்வண்டில் ஆணுக்குத்தான் மூக்கின்மேல் முடிக்கற்றை. காண்டாமிருக வண்டின் புழுவைப் பார்க்க எருக்குழிக்கும் மட்கிய தென்னங்கட்டைக்கும் போகலாம். அது முட்டையிடுவது அங்கேதான். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த மரங்கள் பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கம் எவ்வளவு காலம் கிடந்தன என்று பார்த்தவர்களுக்கு இந்த வண்டைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை.

சாணத்தை ஒரு குச்சியால் புரட்டிப் பார்ப்பதில் கூச்சப்பட்டால் இந்த வேலை நடக்காது. அன்றைய சாணமாக இருக்க வேண்டும், மேல்பக்கம் காய்ந்து ஏடு கட்டத் தொடங்கியிருக்கலாம். என்ன செய்கிறது என்பதைத்தான் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும்: உருண்டை பிடித்துப் பின்னங்காலால் தள்ளிக்கொண்டு போகிறதா, சாணத்துக்கு நேர் கீழே மண்ணில் குழி தோண்டி இழுத்துக்கொண்டு போகிறதா, அல்லது சாணத்துக்குள்ளேயே குடியிருக்கிறதா. மூன்றும் வேறு வேறு கூட்டம். குழி தோண்டுகிறவற்றில் ஆண்களுக்கு அநேகமாகத் தலையில் கொம்பு இருக்கும், அதே இனத்துச் சின்ன ஆணுக்குக் கொம்பே இல்லாமலும் இருக்கும். கொம்பு இல்லை என்பதால் வேறு இனம் என்று எழுதிவிடாதீர்கள்.

தண்ணீர் வண்டு பார்க்க டீ வடிகட்டியும் வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டும் போதும். வாய்க்கால், குளத்து ஓரம், நடவுக்கு முன் நீர் கட்டிய வயல் எதுவானாலும் சரி. தட்டில் விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா பாருங்கள். பின்னங்கால் இரண்டையும் ஒருசேரத் துடுப்புப் போட்டு நீந்தி, மூச்சுக்கு மேலே வரும்போது பின்புறத்தை நீர்மட்டத்துக்கு நீட்டினால், அது வேட்டையாடும் முக்குளி வண்டு. கால்களை மாற்றி மாற்றி அடித்து, தலையை முதலில் மேலே கொண்டுவந்தால், அது அழுகலை மேயும் நீர்வண்டு. மேலே இருந்து பார்க்க இரண்டும் கறுப்பாக, ஓடம்போல ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனால் மூச்சு விடும் விதம் காட்டிக்கொடுத்துவிடும். நீர்மட்டத்தில் வட்டம் வட்டமாகச் சுழன்றுகொண்டே இருக்கும் சின்னக் கறுப்பு வண்டுக்கு ஒவ்வொரு கண்ணும் இரண்டாகப் பிரிந்திருக்கும்: நீருக்கு மேலே பார்க்க ஒரு பாதி, கீழே பார்க்க ஒரு பாதி. லென்ஸ் கையில் இருந்தால் இதை விட்டுவிடாதீர்கள்.

கொள்ளிடம் மணலில் வெயில் ஏறிய நேரத்தில் புலிவண்டு கிடைக்கும். பெரிய கண், அரிவாள் தாடை, நீண்ட கால். நெருங்கினால் பறந்து சில அடி தள்ளி மறுபடி மணலில் உட்காரும். நின்றபடி போனால் பிடி கொடுக்காது. உட்கார்ந்து, மெதுவாக நகர்ந்து போங்கள். அதன் புழு மணலில் செங்குத்தான குழிக்குள் இருந்துகொண்டு தலையால் வாயை அடைத்திருக்கும்.

கொடிக்கரை, வடுவூர் போன்ற சரணாலயங்களுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் பிடிக்கவோ எடுத்து வரவோ கூடாது. படம் எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பிடிக்கும் முறைகள்

கிளையைத் தட்டுவது எளிது: குடையை விரித்துத் தலைகீழாகக் கிளைக்கு அடியில் பிடித்து, கிளையை ஒரு குச்சியால் நாலு தட்டுத் தட்டினால் உதிர்வதெல்லாம் குடைக்குள். வேலமரத்திலும் கொடுக்காப்புளியிலும் மழைக்குப் பின் இப்படித் தட்டினால் பொன்வண்டு விழும். நம் பக்கம் இரண்டு வகை பார்க்கலாம்: கழுத்து பச்சையாகவும் ஓடு பளபளக்கும் செம்பழுப்பாகவும் இருப்பது ஒன்று, முழுக்கப் பச்சையாக வெளிர் புள்ளிக் குழிகளோடு இருப்பது இன்னொன்று. தீப்பெட்டிக்குள் போட்டு வளர்த்த தலைமுறைக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

இரவில் வெள்ளை வேட்டியைக் கொடியில் தொங்கவிட்டு விளக்குப் போடுங்கள். கோடை மழை பெய்த சாயங்காலம் வேப்பமரத்துப் பக்கம் போட்டால் வேர்ப்புழு வண்டுகள் மொய்க்கும். தரையில் ஓடுகிறவற்றுக்கு, பிளாஸ்டிக் டம்ளரை வரப்பில் விளிம்பு மண்ணோடு சமமாக இருக்கும்படி புதைத்து, அடியில் சின்ன ஓட்டை போட்டு, மேலே ஓட்டுச்சில்லைக் கல்லில் தூக்கி வையுங்கள். காலையில் பார்த்துவிட்டு விட்டுவிட வேண்டும். வெயில் ஏறும்வரை மறந்துவிட்டால் உள்ளே இருப்பது வெந்துவிடும். கல்லையோ கட்டையையோ புரட்டும்போது எதிர்ப்பக்க விளிம்பைப் பிடித்து உங்களை நோக்கித் தூக்குங்கள். அடியில் விரியனோ தேளோ இருந்தால் உங்களுக்கும் அதற்கும் நடுவில் கல் இருக்கும்.

ஓடிக்கொண்டே இருக்கும் வண்டைச் சின்ன டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் ஐந்து பத்து நிமிடம் வைத்தால் மந்தமாகிவிடும். ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. படம் எடுத்தபின் அது இருந்த இடத்திலேயே கொண்டுபோய் விடுங்கள்.

தொடக் கூடாதவை

ஐப்பசி கார்த்திகையில் ட்யூப்லைட்டுக்கு வரும் 7 மி.மீ. அளவு ஒல்லிப் பூச்சி ஒன்று உண்டு: தலை கறுப்பு, கழுத்து ஆரஞ்சு, நடுவில் குட்டையாக நீல ஓடு, அதற்குப் பின் ஆரஞ்சு வயிறு, நுனி கறுப்பு. ஓடு பாதி வயிற்றைக்கூட மூடாததால் எறும்பு என்று நினைத்துக் கழுத்தில் வைத்துத் தேய்த்துவிடுவார்கள். ஒரு நாள் கழித்து அந்த இடத்தில் கோடு இழுத்தாற்போல் சிவந்து கொப்புளிக்கும். அது கடிப்பதில்லை, நசுக்கியதும் உடம்புத் திரவம் தோலில் பட்டதுதான் காரணம். மேலே உட்கார்ந்தால் ஊதிவிடுங்கள், அல்லது ஒரு காகிதத்தில் ஏற்றி விட்டுவிடுங்கள். நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அந்தக் கையைக் கண்ணில் வைக்காதீர்கள். கண்ணில் பட்டுவிட்டால் டாக்டரிடம் போய்விடுங்கள். வயலில் இது தத்துப்பூச்சிகளைத் தின்னும் நல்ல பூச்சி என்பதையும் சொல்ல வேண்டும்.

துவரை, வெண்டை, செம்பருத்திப் பூவைத் தின்றுகொண்டிருக்கும் கறுப்பு உடம்பு, ஆரஞ்சுப் பட்டை போட்ட கொப்புள வண்டையும் வெறுங்கையால் எடுக்காதீர்கள். கால்மூட்டிலிருந்து கசியும் திரவம் தோலைக் கொப்புளிக்க வைக்கும். புதுக்கோட்டைப் பக்கத்து மேட்டுக்காட்டில், கறுப்பு உடம்பில் ஆறு வெள்ளைப் புள்ளியோடு 4 செ.மீ. அளவில் ஓடும் தரைவண்டு அழகுதான், ஆனால் முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோனால் எரியும் அமிலத்தைப் பீய்ச்சும். ஈர மண்ணில் கல்லுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் புள்ளித் தரைவண்டு வேறு ரகம், 'பட்' என்ற சத்தத்தோடு கொதிக்கிற திரவத்தையே வெடிக்கும்.

பொறிவண்டா, கத்தரி வண்டா?

புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். சிவப்பாக, வட்டமாக, கறுப்புப் புள்ளியோடு இருந்தால் நல்ல பூச்சி என்று எங்கோ படித்திருப்பார்கள். கத்தரி வண்டும் அப்படித்தான் இருக்கிறது, அதுவும் அதே பொறிவண்டுக் குடும்பம்தான். ஆகவே மீசையும் பாதமும் உதவாது. வெயிலில் சாய்த்துப் பாருங்கள். அசுவினி தின்னும் பொறிவண்டின் முதுகு மெருகேற்றியதுபோல வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும். கத்தரி வண்டின் முதுகு மங்கலாக இருக்கும். லென்ஸில் பார்த்தால் முழுக்க நுண்ணிய முடி. புள்ளிகளை எண்ணினால் பெரும்பாலும் 28. இலை தின்னாத நம்மூர்ப் பொறிவண்டுகளில் அவ்வளவு புள்ளி இருக்காது, ஒன்றில் வளைந்து நெளிந்த கறுப்புக் கோடுகள், இன்னொன்றில் குறுக்குப் பட்டைகள். அடுத்து இலையைத் திருப்புங்கள். கத்தரி வண்டு இலையின் பச்சையைச் சுரண்டிவிட்டு நரம்பை மட்டும் ஏணிப்படி மாதிரி விட்டுவைக்கும். அதன் புழு மஞ்சளாக, கிளைவிட்ட முட்களோடு இருக்கும். அசுவினி தின்னும் வகையின் புழுவோ சாம்பல் கறுப்பாக, நீண்ட காலோடு, அசுவினிக் கூட்டத்துக்குள் திரியும்.

படமும் குறிப்பும்

ஒரு வண்டுக்குக் குறைந்தது நாலு படம்: மேலிருந்து, பக்கவாட்டில், நேர்முகமாக, அது இருந்த செடியோ தரையோ முழுக்கத் தெரியும்படி ஒன்று. முடிந்தால் வயிற்றுப் பக்கமும். பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு படம் எடுங்கள், "சின்னதாக இருந்தது" என்பது யாருக்கும் உதவாது. போனில் கிளிப் மேக்ரோ லென்ஸ் மாட்டினால் 5 மி.மீ. வண்டுகூட நன்றாக வரும். ஃப்ளாஷ் வேண்டாம், ஓட்டின்மேல் வெள்ளையாக அடித்துவிடும்.

குறிப்பு இப்படி இருந்தால் போதும்: "ஐப்பசி முதல் வாரம், மாலை ஐந்தரை. திருவையாற்றுக்குக் கிழக்கே படுகை. வாழைக்கு ஊடே போட்ட கத்தரி, இலை அடிப்பக்கம். 6 மி.மீ. மங்கிய சிவப்பு, முடி உண்டு. தின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் மஞ்சள் முட்டைக் குவியல். காலையில் மழை." செடியின் பெயர் தெரியாவிட்டால் இலையையும் பூவையும் சேர்த்துப் படம் எடுத்துவிடுங்கள்.

பெயர் எழுதும்போது

ஐநேச்சுரலிஸ்ட் மாதிரியான செயலியில் படத்தை ஏற்றினால் உடனே ஒரு பெயர் வரும். அதை அப்படியே எழுதிவிடாதீர்கள். முதலில் அது சொல்லும் குடும்பம் நீங்கள் மீசையையும் பாதத்தையும் வைத்து எண்ணிய குடும்பத்தோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். அப்புறம் அந்த இனம் தென்னிந்தியாவில் இருக்கிறதா என்று வரைபடத்தைப் பாருங்கள். ஐரோப்பாவில் மட்டும் இருக்கும் பொறிவண்டின் பெயரைப் பாபநாசத்து வண்டுக்குப் போட்டிருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

நம் பக்கத்து வண்டுகள் பலவற்றுக்கு முதலில் அறிவியல் பெயர் கிடைத்ததே இந்தக் கரையோரத்திலிருந்துதான். தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்கள் கையில் இருந்தது. 1768-இல் அங்கே மருத்துவராக வந்த கோயனிக், உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸின் மாணவர்; செடிகளோடு பூச்சிகளையும் சேகரித்தார். லின்னேயஸின் இன்னொரு மாணவரான ஃபாப்ரீசியஸ் அவற்றுக்குப் பெயர் வைத்தார். பழைய விவரிப்புகளில் வாழிடம் என்ற இடத்தில் தரங்கம்பாடி என்று இருப்பதைப் பார்த்தால் ஆச்சரியப்பட வேண்டாம். மேலே சொன்ன பருத்திச் சிவப்பு நாவாய்ப்பூச்சியின் பெயரில் கோயனிக் இன்றும் இருக்கிறார்.

எல்லாவற்றையும் இனம் வரை கொண்டுபோக முடியாது, கொண்டுபோக வேண்டிய அவசியமும் இல்லை. முள்வண்டு, காண்டாமிருக வண்டு, சிவப்புக் கூன்வண்டு, ஆறுபுள்ளித் தரைவண்டு இவற்றைப் படத்தை வைத்தே இனம் வரை எழுதலாம். வேர்ப்புழு வண்டுகளில் பலவற்றை, ஆணின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்க்காமல் பிரிக்க முடியாது. அங்கே குடும்பத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் சரி. குழி தோண்டும் சின்னச் சாண வண்டுகளும் அப்படித்தான், பேரினம் (இனத்துக்கு ஒரு படி மேல்) வரை எழுதினாலே நல்ல வேலை. முகத்தில் கொம்பு தெரியும்படி ஒரு படமும், கழுத்துத் தகட்டின் மேடுபள்ளம் தெரியும்படி பக்கவாட்டில் ஒரு படமும் இருந்தால், பின்னால் அந்தக் கூட்டத்தைத் தெரிந்தவர் யாராவது பார்த்து மீதியைச் சொல்வார்.